இங்கிரிட் பெர்க்மன் டிவிடி தொகுப்பு: நான்கு படங்களும் ஒரு குறையும்

தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகில், பழைய டிவிடிகளை இன்னமும் விற்றுவரும் ஒரு சிறு கடையில், ஹாலிவுட் நடிகை இங்கிரிட் பெர்க்மன் நடித்த 'காசபிளாங்கா' (1942), 'கேஸ்லைட்' (1944), 'ஸ்பெல்பவுண்ட்' (1945), 'நொட்டோரியஸ்' (1946) ஆகிய நான்கு படங்களும் அடங்கிய தொகுப்பு கிடைக்கிறது. பெர்க்மனின் நடிப்பில் பாதி கண்ணிலும் உதட்டோரத்திலும் நிகழ்வது. ஆகவே, இப்படங்களை மறுபடி பார்க்க விரும்புவோர் முதலில் விசாரிக்க வேண்டியது பிரதியின் தெளிவைத்தான்.

அவ்வகையில் 'கேஸ்லைட்' மனநிறைவு தருகிறது. மனைவியை (பெர்க்மன்) சித்தம் கலங்கியவள் என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கும் கணவன் (சார்லஸ் பாயர்), மேல்மாடத்தில் இரகசியமாக விளக்கேற்றும்போதெல்லாம் கீழே அவள் அறையின் வாயு விளக்கு மங்குகிறது. பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்குவதைப் பார்த்துப் பழகிய நம் பக்கத்து மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உடனிருந்து பார்த்த என் அத்தை, படத்தின் போலீஸ்காரருக்கு வெகு முன்பே கணவனின் குட்டைக் கண்டுகொண்டார். ஆனால் அந்த மங்கலும், அதைக் கண்டு பெர்க்மனின் முகத்தில் ஐயம் அச்சமாக மாறுவதும் தெரிய வேண்டுமானால், கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடைப்பட்ட சாயல்கள் பிரதியில் பிழைத்திருக்க வேண்டும். இதில் அவை பிழைத்திருக்கின்றன. அவருக்கு முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றுத்தந்த நடிப்பு இது.

'காசபிளாங்கா'வும் தெளிவாகவே உள்ளது. படப்பிடிப்பின்போது திரைக்கதை எழுதி முடிக்கப்படாததால், கதையில் தன்னை நேசிக்கும் இரு ஆண்களில் யாருடன் தன் பாத்திரம் போகப்போகிறது என்பதே பெர்க்மனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இதை அறிந்துகொண்டு பார்க்கையில், அவர் பார்வையில் உள்ள தீர்மானமின்மைதான் படத்தையே தாங்கி நிற்கிறது என்பது புலப்படுகிறது. 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில் ஓவியர் சால்வடார் டாலி வடிவமைத்த கனவுக் காட்சியைத் தவிர என்னை ஈர்த்தது அதிகமில்லை.

குறை 'நொட்டோரியஸ்' தட்டில்தான். ஏறத்தாழச் சதுரமாக எடுக்கப்பட்ட படத்தை அகலத்திரைக்கு ஏற்ப இழுத்துப் பதித்திருப்பதால், பெர்க்மனும் உடன் நடித்த கேரி கிராண்ட்டும் கன்னம் உப்பியவர்களாகத் தெரிகிறார்கள். தொலைக்காட்சியின் அமைப்பை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. விருந்துக் கூடத்தின் உயரத்திலிருந்து இறங்கிவரும் கேமரா பெர்க்மன் கையில் பொத்திவைத்திருக்கும் சாவியில் வந்து நிற்கும் புகழ்பெற்ற ஷாட்டில், சாவி வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடுகிறது. படத்தை இயக்கிய ஹிட்ச்காக்குக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்வேன்.

உறையில் 'சிறந்த படங்கள்' என்று அச்சிட்டிருப்பதும் பொருந்தவில்லை. இத்தாலிய இயக்குநர் ரோசெல்லினியுடனான திருமணத்துக்கு வெளியேயான உறவுக்காக 1950-இல் அமெரிக்க செனட்டிலேயே கண்டிக்கப்பட்ட அவர், அந்த இயக்குநரின் 'ஸ்ட்ரோம்போலி' (1950), 'ஜர்னி டு இத்தாலி' (1954) ஆகிய படங்களில் ஒப்பனையழகை உதறி நடித்தார். அவையும் இல்லை, தாய்மொழியான ஸ்வீடிஷில் இங்மர் பெர்க்மன் இயக்கத்தில் நடித்த 'ஆட்டம் சொனாட்டா'வும் (1978) இல்லை. தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஆங்கில எழுத்துகள் மட்டும் படிக்கும்படி பெரிதாக உள்ளன.

கடைக்காரர் பிரித்துத் தரச் சம்மதித்தால் 'கேஸ்லைட்', 'காசபிளாங்கா' ஆகிய இரு தட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு, 'நொட்டோரியஸ்' படத்தை வேறொரு நல்ல பிரதியில் பார்ப்பது நலம்.