ஒரு பெட்டிக்குள் ஆறு நாட்டுப் படங்கள்

வெளிநாட்டுப் படம் என்றாலே ஹாலிவுட்டும் கொரியத் தொடர்களும்தான் என்று சலித்தவர்களுக்கு இந்தப் பெட்டியை மனசாரச் சொல்வேன். பழைய நல்ல படங்களை டிஸ்க்கில் கொண்டுவரும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2013இல் வெளியிட்ட ‘மார்ட்டின் ஸ்கோர்செஸியின் வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட்’ முதல் டிஸ்க் தொகுப்பு. செனகல், மெக்சிகோ, வங்கதேசம், துருக்கி, மொராக்கோ, தென் கொரியா என நாட்டுக்கொரு படம். எல்லாமே ஹாலிவுட் இயக்குநர் ஸ்கோர்செஸி 2007இல் தொடங்கிய அமைப்பின் முயற்சியில் மீட்டெடுக்கப்பட்டவை.

முதலில் துருக்கிப் படமான ‘ட்ரை சம்மர்’ போடுங்கள். 1964இல் பெர்லினில் தங்கக் கரடி வென்றது. ஊற்று தன் நிலத்தில் இருக்கிறது என்பதற்காக உஸ்மான் தண்ணீரை மறித்துவிடுகிறான்; கீழே உள்ள வயல்கள் காய்கின்றன. நீலகிரியில் எங்கள் ஊரான கேத்தியில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். மார்ச்சில் ஓடை மெலிந்ததும் மேல்தோட்டத்தில் யார் மோட்டார் போடுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிற கேரட் விவசாயிகள் நாங்கள். “இவன் அடைச்சா கீழ இருக்கிறவன் என்னடா பண்ணுவான்?” என்று அப்பா கோபமாகவே கேட்டார். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான், அதனால் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில், “நீ சும்மா இரு, புரியுது” என்றுவிட்டார். தம்பி சிறைக்குப் போனதும் அவன் மனைவியையும், தண்ணீரைப் பார்த்த அதே கண்ணால் உஸ்மான் பார்க்கிறான். உஸ்மானாக நடித்த எரோல் தாஷின் அந்த முகம் மறக்காது.

வங்கதேசப் படமான, ரித்விக் கட்டக் இயக்கிய ‘திதாஸ் ஒரு நதியின் பெயர்’ இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செனகலின் ‘தூக்கி பூக்கி’ துள்ளலான படம், ஆனால் தொடக்கத்தில் மாடு அறுப்பது நிஜக் காட்சி. குழந்தைகள் வேண்டாம். கொரியாவின் ‘ஹவுஸ்மெய்ட்’டில் சில பகுதிகள் மங்கலாகத் தெரியும், அந்த ரீல்கள் படத்தின் மேலேயே கையால் சப்டைட்டில் எழுதிய பிரதியிலிருந்து கிடைத்தவை. எழுத்தை அழித்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்காகவே இன்னொரு முறை பார்த்தேன்.

வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள். டிஸ்க்குகள் உலகை மண்டலங்களாகப் பிரித்து விற்கப்படுகின்றன; ஒரு மண்டல டிஸ்க் வேறு மண்டலப் பிளேயரில் ஓடாது. இதன் ப்ளூரே ஏ மண்டலம், டிவிடி 1ஆம் மண்டலம். இந்தியா ப்ளூரேக்கு சி, டிவிடிக்கு 5. எல்லா மண்டல டிஸ்க்கும் ஓடுகிற பிளேயர் கட்டாயம் வேண்டும். அது இல்லாத கேத்தி, லவ்டேல் பக்கத்து நண்பர்கள் ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள். அடுத்து மொராக்கோவின் நாஸ் எல் கிவான் இசைக்குழு பற்றிய ‘ட்ரான்ஸஸ்’ போடப்போகிறோம்.