சட்டைக்கும் தொப்பிக்கும் ஒரே மெஷின்: எம்பிராய்டரி பிரேம் மாற்றும் சாமான்கள், மூன்று வருட உபயோகத்துக்குப் பிறகு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒற்றை ஹெட், 15 ஊசி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் மூன்று வருடமாக மாற்றி மாற்றிப் போட்ட பிரேம்கள், அதாவது துணியையும் தொப்பியையும் இறுக்கிப் பிடித்து மெஷினில் மாட்டும் சட்டங்கள், இவற்றைப் பற்றி எழுதுகிறோம். மே, ஜூன் என்றால் பள்ளிச் சீருடை. மற்ற மாதங்களில் ஹோட்டல் செஃப் கோட், ஏப்ரன், ரிசார்ட் டவல், தொப்பி, சணல் பை. இந்த ஊரில் ஆர்டர் பெரும்பாலும் கலவையாகத்தான் வரும்: 40 டீ-சர்ட், 25 தொப்பி, 10 ஏப்ரன், எல்லாவற்றிலும் ஒரே லோகோ, எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். தொப்பிக்கென்று தனி மெஷின் நிறுத்த வழியில்லாத யூனிட்டுக்குத்தான் இந்தப் பதிவு உதவும்.

கழற்றி மாட்டக் கை பழகினால் ஆறேழு நிமிடம் போதும். மாட்டின பிறகு நேர் பார்ப்பது, டிரேஸ் விடுவது (தைக்காமல் டிசைனின் எல்லையைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது), முதல் பீஸ் கோணலாகி மறுபடி ஸ்க்ரூவைத் தளர்த்துவது என்று முக்கால் மணி நேரம் போய்விடும். அதனால் வாங்கும்போது கடைக்காரரிடம் “எவ்வளவு சீக்கிரம் மாட்டலாம்” என்று கேட்காதீர்கள். “ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து உட்காருமா” என்று கேளுங்கள்.

மெஷினோடு வரும் வட்ட பிரேம்களிலிருந்தே தொடங்கலாம். 9, 12, 15, 19 சென்டிமீட்டர் வட்டங்களும் ஒரு பெரிய சதுரமும் வரும். இவை மாட்டும் இரண்டு கைகளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒருநாள் யாரோ பிரேமை மேல்பக்கமாக இழுத்து எடுத்திருப்பார்கள், கையின் நுனி ஒரு மில்லிமீட்டர் விரிந்திருக்கும். அதற்கப்புறம் வெள்ளை எழுத்தைச் சுற்றிப் போகும் கறுப்பு அவுட்லைன் ஒரு பக்கம் விலகியே நிற்கும். பஞ்சிங் செய்தவரை, அதாவது டிசைனைத் தையல் ஃபைலாக மாற்றியவரைத் திட்டுவோம், குற்றம் கையில் இருக்கும். இரண்டு கைக்கும் நடுவே உள்ள அகலத்தை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை ஸ்டீல் ஸ்கேலில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். புது பிரேம் வாங்கும்போதும் இந்த அளவுதான் முக்கியம். சந்தையில் 360, 500 மி.மீ. என்று இரண்டு அகலம் அதிகம் புழங்குகிறது. மெஷின் கம்பெனி பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் தவறான அகலம் வந்து இறங்கும்.

இதற்கு ஒரு சோதனை டிசைன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. விட்டத்தில் ரன்னிங் ஸ்டிச்சில் ஒரு வட்டம், உள்ளே ஒரு சதுர நிரப்பு, பிறகு அதே வட்டத்தின் மேலேயே இன்னொரு சுற்று. பழைய துணியின் அடியில் அதைத் தாங்கும் பேப்பர் வைத்து ஓட்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். இரண்டு சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் வேலையைத் தொடங்கலாம். இடம் வலமாக விலகினால் கைகளின் அகலம் தளர்ந்திருக்கிறது. மேல் கீழாக விலகினால் பிரேம் கிளிப்புக்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. விலகல் இல்லை, ஆனால் பிரேமிலிருந்து எடுத்ததும் வட்டம் முட்டையாகிறது என்றால் மெஷினைத் தொட வேண்டாம், துணியை இழுத்து மாட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதை ஓட்டுவதைச் சட்டமாகவே வைத்த பிறகுதான் வீணாகும் பீஸ் குறைந்தது.

அடுத்தது கேப் அட்டாச்மெண்ட். இதில் மூன்று உருப்படி உண்டு: மெஷினில் ஏறும் டிரைவர், தொப்பியைப் பிடிக்கும் கேப் ரிங், மேசையில் இறுக்கி வைத்துத் தொப்பி ஏற்றும் ஸ்டேஷன். குறைந்தது இரண்டு ரிங் இருக்க வேண்டும். ஒன்று தைத்துக்கொண்டிருக்கும்போது மற்றதில் அடுத்த தொப்பி ஏறும். ஒற்றை ரிங்கோடு வாங்கினால் மெஷின் பாதி நேரம் சும்மா நிற்கும்.

மாட்டும் விதம்: பென்டோகிராஃபை (பிரேமை நகர்த்தும் பாகத்தை) நடுவுக்குக் கொண்டுவந்து மெயினை அணையுங்கள். மேசையைக் கழற்றி, இரண்டு கைகளையும் எடுத்து, டிரைவரைச் சிலிண்டர் ஆர்ம் (ஊசிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குறுகலான பகுதி) மேல் மெதுவாகத் தள்ளுங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேரிங்குகள் ஆர்மின் மேல் உருள வேண்டும், உரசக்கூடாது. எல்லா ஸ்க்ரூவையும் முதலில் கையால் மட்டும் பிடித்துவிட்டு, டிரைவரை இடம் வலமாக ஒரு முழு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் வழுக்கிப் போனால், குறுக்குக் குறுக்காக ஆலன் கீயால் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் டிரைவர் நூலளவு கோணலாக உட்காரும், அந்த நூலளவு தொப்பியின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டராகத் தெரியும்.

பிறகு மெயினைப் போட்டு, மெனுவில் பிரேம் வகையைத் தொப்பி என்று மாற்ற வேண்டும். இதை மறந்தால் மெஷின் பெரிய சதுர பிரேம் இருப்பதாக நினைத்து நகரும், டிரைவர் ஆர்மில் மோதும். டிசைனையும் 180 டிகிரி திருப்ப வேண்டும், ஏனென்றால் தொப்பியின் முன்மடல் மெஷின் உடம்புப் பக்கமும் உச்சி நம் பக்கமும் நிற்கும். சில மெஷினில் தொப்பி வகையைத் தேர்ந்தெடுத்தால் தானே திரும்பும், சிலவற்றில் திரும்பாது. திரையில் பார்த்து உறுதி செய்யுங்கள். டீ-சர்ட்டிலும் இதே கணக்குதான்: ஆர்மில் கழுத்து வழியாக நுழைத்தால் டிசைன் நேர், அடிவிளிம்பு வழியாக நுழைத்தால் தலைகீழ்.

தொப்பி ஏற்றுவதில்தான் கைத்தொழில் இருக்கிறது. உள்ளே இருக்கும் வியர்வைப் பட்டையை முழுக்க வெளியே புரட்டுங்கள். கிழியும் வகைப் பேப்பரை நீள நாடாவாக வெட்டி ரிங்கின் மேல் படுக்க வையுங்கள். தொப்பி மெலிசாக இருந்தால் இரண்டு அடுக்கு. தொப்பியை ஸ்டேஷனில் நுழைத்து, நடுத்தையலை ரிங்கின் நடுக்கோட்டுக்கு நேராகப் பிடித்து, பல் வைத்த இரும்புப் பட்டையை மடல் சேரும் மூலையில் சரியாக இறக்கிப் பூட்டுங்கள். பட்டை மடலின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் மேலே தொப்பித் துணியில் உட்கார்ந்தாலும் தையல் நகரும். பின்பக்கம் மிச்சத் துணியைக் கீழே இழுத்து, இரண்டு பக்கமும் பைண்டர் கிளிப்பால் பிடியுங்கள். மெஷினில் மாட்டிய பிறகு, ஊசி இறங்கும் இடத்தில் விரலால் தட்டிப் பாருங்கள். “டொக்” என்று கீழே நீடில் பிளேட்டின் (ஊசி இறங்கும் துளையுள்ள தகட்டின்) சத்தம் கேட்டால் சரி. மத்தளத் தோல் போல “தொம்” என்று அமுங்கி எழும்பினால் நடுவே காற்று இருக்கிறது. அந்த இடைவெளியில் ஊசி துணியைக் கீழே தள்ளிக்கொண்டே போகும், ஊசி வளையும், நூல் பிசிறும், கடைசியில் நடுத்தையலின் மேல் ஊசி முறியும். நூல் டென்ஷனைத் திருகித் திருகி இதைச் சரி செய்ய முடியாது. டிரைவரின் உயரத்தைப் பாருங்கள், பிறகு தொப்பியை மறுபடி ஏற்றுங்கள்.

தொப்பியில் உயரம் 50 முதல் 55 மி.மீ. வரை நிம்மதியாக வரும். அதற்கு மேலே போனால் உச்சி வளைவு தொடங்கிவிடும், எழுத்தின் தலை சாயும். அட்டாச்மெண்ட் விற்பவர் 70, 75 என்று சொல்வது பிரேமின் அளவு. கெட்டித் தொப்பியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். வேகம் நிமிடத்துக்கு 600 ஸ்டிச்சைத் தாண்டாமல் வைத்தால் ஊசி மிச்சமாகும். மார்பு லோகோவின் ஃபைலை அப்படியே தொப்பிக்குப் போடக்கூடாது. தொப்பிக்குத் தனி பஞ்சிங் வேண்டும்: கீழிருந்து மேலே, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும். இடது ஓரத்தில் தொடங்கி வலதுக்குத் தைத்தால் துணி அலைபோலத் தள்ளப்பட்டு நடுத்தையலில் புடைத்து நிற்கும். பஞ்சிங் கூலி இன்னொரு முறை கொடுக்க வாடிக்கையாளர் யோசிப்பார். ஆனாலும் வாங்கிவிடுங்கள்.

ஊசி விஷயத்தில் ஒரு வசதி. 15 ஊசி இருப்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஊசி மாற்றத் தேவையில்லை. பின்னல் துணிக்கு பால் பாயிண்ட் (முனை உருண்ட ஊசி) 75/11 பெரும்பாலான இடத்தில், கறுப்பு, வெள்ளை, ஒரு சிவப்பு மட்டும் கூர்முனை 80/12-இல். தொப்பி ஆர்டரில் பெரும்பகுதி இந்த மூன்று நிறத்துக்குள் அடங்கிவிடும். மெஷினுக்குப் போடும் டிஎஸ்டி வகைத் தையல் ஃபைலில் நிறம் பதிவாகாது என்பதால் ஊசி வரிசையை மெஷினில் ஒவ்வொரு முறையும் கையால்தான் கொடுக்க வேண்டும். அங்கே எது கூர்முனை என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

காந்த பிரேம் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். மைட்டி ஹூப் என்ற காந்த பிரேமின் மாதிரியில் உள்ளூரிலும் இறக்குமதியிலும் பல வகை கிடைக்கிறது. மார்பு லோகோவுக்கு ஐந்தரை அங்குலச் சதுரம் போதும். டவல், செஃப் கோட், இரட்டை மடிப்புக் காலர் இவற்றில் இதற்கு நிகரில்லை. ஸ்க்ரூ திருக வேண்டாம், கறுப்பு டீ-சர்ட்டில் வளையத் தடம் விழாது, ஒரு பீஸ் மாட்ட அரை நிமிடம்கூட ஆகாது. குறை எங்கே என்றால் மெலிந்து வழுக்கும் பாலியஸ்டரில். காந்தம் மேலிருந்து அழுத்துகிறதே தவிர ஓரத்தை மடித்துப் பிடிப்பதில்லை. 8000 ஸ்டிச் தாண்டினால் துணி உள்ளே நகரும். பேப்பர் நான்கு ஓரமும் பிரேமுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மெலிந்த துணிக்கு இன்னொரு அடுக்கு சேர்க்க வேண்டும். அப்படியும் நகர்ந்தால் பழைய வட்ட பிரேமுக்கே திரும்புங்கள், அதன் உள்வளையத்தில் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிடுங்கள். கையால் எம்பிராய்டரி போடுபவர்கள் மரவளையத்துக்குச் செய்வதுதான் இது. ரொமேன் ரோலண்ட் வீதியில் க்ளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரிக் கூடத்தால் பெயர் வாங்கிய ஊரில் இந்த வித்தையைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. பிளாஸ்டிக் வளையத்திலும் அதே பிடிமானம் கிடைக்கிறது.

மூன்று எச்சரிக்கை. பேஸ்மேக்கர் வைத்தவர் இந்தக் காந்தத்தைக் கையாளக் கூடாது. பிரேமை மூடும்போது விரல் ஓரத்தில் இருந்தால் நகம் போய்விடும், பக்கவாட்டுப் பிடியை மட்டும் பிடித்து மூடுங்கள். டிரேஸ் விடாமல் ஓட்டி ஊசி அந்த உலோக விளிம்பில் இறங்கினால் ஊசி மட்டும் போகாது, ஹெட்டுக்குள் இருக்கும் பாகமும் சேர்ந்து போகும்.

சட்டைப் பாக்கெட், சணல் பையின் சின்ன ஜேப், சட்டைக் கை இவற்றுக்குக் கிளாம்ப் பிரேம். கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது இதுதான். தைத்து முடித்த பாக்கெட்டுக்குள் கீழ்த்தட்டை நுழைத்து மேல்தட்டை இறக்கினால் ஆயிற்று. தட்டு ஒரு பக்கம் மட்டுமே தாங்கப்பட்டிருப்பதால் வேகத்தில் நுனி ஆடும். 650-க்கு மேல் வேண்டாம். பள்ளிச் சீருடை மட்டும் என்றால் இதுவும் வேண்டாம். தையற்காரரிடம் பேசி, பாக்கெட் துணியைத் தைப்பதற்கு முன்பே பெரிய சதுர பிரேமில் வரிசையாகப் போட்டு வெட்டிக் கொடுத்துவிடலாம்.

ஒட்டும் பேப்பர் பிரேம் வாங்கியதில் திருப்தியில்லை. பசை ஊசியில் ஏறி நூல் அறுகிறது, தூசி படிந்த பேப்பர் பிடிப்பதில்லை. சாக்ஸ், குழந்தைத் துணி தவிர வேறு எதற்கும் எடுப்பதில்லை.

கடற்கரை ஊர் என்பதால் துரு தனிப் பிரச்சினை. வட்ட பிரேமின் ஸ்க்ரூ துருவேறி வெள்ளை செஃப் கோட்டில் பழுப்புப் பொட்டு வைத்தால் அந்த பீஸ் நம் கணக்கில்தான். காந்தத்தின் நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே அரிக்கத் தொடங்கும், பொடி உதிரும். வாரம் ஒரு நாள் எல்லா ஸ்க்ரூவையும் மெஷின் ஆயில் தொட்ட துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் இரண்டு நாள். கேப் டிரைவரைக் கழற்றியதும் தரையில் சாய்த்து வைக்காமல், சுவரில் மரக்கட்டை அடித்து அதன் மேல் ஏற்றி வையுங்கள். கீழே ஒருமுறை விழுந்த டிரைவர் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும், வட்டச் சோதனையில் மட்டும் தேறாது.

புதிதாகத் தொடங்குபவர் இந்த வரிசையில் வாங்கலாம்: முதலில் இரண்டாவது கேப் ரிங், அடுத்து பாக்கெட் கிளாம்ப், அதன் பிறகு காந்தத்தில் ஐந்தரை அங்குலம் ஒன்றே ஒன்று. காந்த பிரேமை வாங்குவதற்கு முன்பு கடைக்காரரிடம் உங்கள் மெஷின் கையின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். பார்சல் வந்ததும் மாட்டி வட்டச் சோதனையை ஓட்டிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.