சுழல்: இரும்புக் கதவுக்கு உள்ளிருந்து பார்க்கும் ஒரு தொடர்

புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ தொடரின் முதல் பருவம் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளிவந்தது. பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய அந்த எட்டு அத்தியாயங்களையும், குற்றவாளி யார் என்பது தெரிந்த பிறகும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்துவருகிறேன். கதை பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால், நீண்ட நாள் பழக்கத்தில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

கள்வருக்கு அஞ்சி வாழ்கிற ஊரில் இளைப்பாறுவதற்கும் குற்றக் கதைதானா என்று என் நாத்தனார் கேட்பார். சன்னலுக்குக் கம்பி, கதவுக்கு வெளியே இன்னோர் இரும்புக் கதவு, மதில்மேல் மின்வேலி என இத்தனையும் இருந்தும் எங்கள் வீட்டில் திருடு போனது. புகார் கொடுத்த பின் கைப்பேசிக்கு ஒரு வழக்கு எண் வந்தது. அதைக் காப்பீட்டுப் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். பிறகு எவரும் வந்து எதையும் விசாரிக்கவில்லை. சுழலிலோ நிலா என்ற சிறுமி காணாமல் போனதும், கதிர் நடித்த உதவி ஆய்வாளர் ஒரு துப்புப் பொய்த்தால் அடுத்ததைத் தேடிப் போகிறார். ஒருவருக்கு நேர்ந்த கேட்டை இன்னொருவர் கடைசிவரை விசாரித்துக்கொண்டே இருக்கிறார் என்பதைப் பார்ப்பதிலேயே என் மனம் ஆறுகிறது.

நான் எதிர்பாராமல் கிடைத்த இன்பம் அதில் வரும் திருவிழா. மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக் கொள்ளை, விசாரணையோடு பின்னிப்பிணைந்து நகர்கிறது. என் மாமியார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச வராததால் ஆங்கில வரிகளைப் படித்துத்தான் பார்ப்பார். ஆனால் புனித வெள்ளியன்று ‘ஈசிப்பிங்கோ ரயில்’ என்ற பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகத் தவறமாட்டார். முகத்தில் வண்ணம் பூசிய அம்மன் வேடக்காரர் ஆடிவரும் காட்சி வந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கைகூப்பியபடி பார்த்தார்.

இவ்வளவு பிடித்த தொடரில் என்னைப் பொறுமையிழக்கச் செய்வது ஒலி. பார்த்திபனும் ஐஸ்வர்யா ராஜேஷும் தந்தையும் மகளுமாக மனத்தாங்கலோடு பேசும் இடங்கள்தாம் தொடரின் உயிர். அவை தாழ்ந்த குரலில் வருவதால் ஒலியைக் கூட்டுகிறேன், கூட்டிய மறுகணமே மேளம் முழங்குகிறது. வேறு ஊரில் இது சிறு குறையாக இருக்கலாம். இங்கே இரவில் வாசல் கதவு அசைந்தால் காதில் விழ வேண்டும். ஒலியைக் கூட்டினால் கதவு கேட்காது, குறைத்தால் வசனம் கேட்காது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல், இரண்டு மணிநேர இருட்டுக்கென்று அத்தியாயங்களை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கிவைத்து, ஒரு காதில் மட்டும் காதொலிப்பானை மாட்டி, மறு காதை வீட்டுக்கு விட்டுவைத்துப் பார்த்தேன். எங்கள் தொலைக்காட்சியின் சிறிய ஒலிபெருக்கிக்கும் இதில் பங்குண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் வீடுகளில் பார்ப்பதற்கென்றே எடுத்த தொடர் வீட்டின் காதுக்கு ஏற்ப அமைய வேண்டாமா?

2025 பிப்ரவரி 28 அன்று வந்த இரண்டாம் பருவத்தில் கடலோர ஊரும் அஷ்டகாளி விழாவும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. மீண்டும் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் தனியாக இருக்கும் என் தோழி, இதற்காகச் சந்தா கட்டலாமா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு இதைவிடப் பிடித்த தமிழ்த் தொடர் இல்லை. என்றாலும் நேற்றிரவு அந்த மேளச் சத்தத்தில் பக்கத்து வீட்டு அலாரம் அடித்ததே எங்கள் காதில் விழவில்லை. தனியார் காவல் வண்டி வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. ஆகவே அவளிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் எட்டு அத்தியாயங்களையும் பகலிலேயே சேர்ந்து பார்த்துவிடலாம்.