31ஆம் நாளுக்கு எடுத்த கதிரையும் கிடாரமும்: எங்கள் சனசமூக நிலையத்தின் வாடகைச் சாமான்கள்

அம்மாவின் அந்தியேட்டிக்கு, அதுதான் 31ஆம் நாள் கிரியைக்கு, 200 பேருக்குச் சமைக்க வேண்டியிருந்தது. கதிரை, கொட்டகை, பாத்திரம் எல்லாவற்றையும் டவுனில் ஒரு கடையில் மொத்தமாகச் சொல்லிவிடுவோம் என்றான் தம்பி. செத்தவீட்டுக்கு ஸ்கொட்லாந்தில் இருந்து வந்தவன், 31 முடியும்வரை நின்றான். எனக்கு அப்படி ஒரு கடையில் ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறது. மகளின் சாமத்தியவீட்டுக்குச் சொன்ன கதிரைகள், சனம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில்தான் வந்து இறங்கின. அடுத்த நாள் ஆறு கதிரை குறைகிறது என்று அதற்கும் காசு வாங்கினார்கள். "வாசிகசாலையில் கேட்டுப் பார்ப்பம்" என்றேன்.

நாங்கள் வாசிகசாலை என்று சொன்னாலும் அது சனசமூக நிலையம்தான். கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் ஊருக்கு ஊர் இப்படி ஒன்று இருக்கும். முன் விறாந்தையில் காலையில் பேப்பர், பின்னேரம் வெளியே கரப்பந்து. சாமான்கள் பின் அறையில். 160 பிளாஸ்ரிக் கதிரை, 12 மேசை, நான்கு கிடாரம் (சோறு வடிக்கிற பெரிய அண்டா), மூன்று தாச்சி (பெரிய இருப்புச்சட்டி), கொட்டகை போடத் தகரமும் இரும்புக் குழாயும். கதிரைக்கு 10 ரூபா, அங்கத்தவருக்கு 7. எனக்கு 150 கதிரை, 10 மேசை, இரண்டு கிடாரம், ஒரு தாச்சி, கொட்டகைச் சாமான் எல்லாம் சேர்த்து 4,850 ரூபா வந்தது. டவுன் கடையில் இதே அளவுக்கு 14,000 சொன்னார்கள். ஏற்றி இறக்குவது நாங்கள்தான். பக்கத்து வீட்டு அண்ணையின் லான்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு மெசினுக்கு) டீசல் மட்டும் அடித்தோம்.

கதிரைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முக்கால்வாசி வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் தாய் தகப்பன் நினைவாக வாங்கிக் கொடுத்தவை. முதுகுப் பக்கம் சிவப்புப் பெயின்றில் பெயர், அதற்குக் கீழே "ஞாபகார்த்தமாக". அடிப்பக்கத்தில் ச.ச.நி. என்றும் ஒரு இலக்கமும். நாலைந்தின் கால் வெடித்திருக்கிறது, அதைக் கம்பியால் தைத்து வைத்திருக்கிறார்கள். தைத்த கதிரையில் பாரமான ஆட்களை இருத்தவேண்டாம் என்று பொருளாளர் சொல்லித்தான் தந்தார். ஆனால் யாரை எதில் இருத்துவது என்று வாசலில் நின்று பார்க்க முடியுமா? என் பெரியம்மாவுக்குப் பிரச்சினை வேறு. அவவுக்குப் பிடிக்காத மச்சாளின் பெயர் எழுதின கதிரை வந்துவிட்டது. கடைசிவரை அதில் இருக்கவில்லை, சாப்பிட்டு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தா.

கிடாரங்கள்தான் இந்த நிலையத்தின் சொத்து என்பேன். 20 கிலோ அரிசியை இரண்டு கிடாரத்தில் ஒரே தரத்தில் இறக்கினோம், சோறு அடிப்பிடிக்கவில்லை. பெரிய கிடாரத்தின் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நெளிந்திருக்கும். 2018 மார்கழி வெள்ளத்தில் வந்த நெளிவு அது. இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து முரசுமோட்டைப் பக்கம் எல்லாம் தண்ணீர் நின்ற அந்தக் கிழமை, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்கு இதில்தான் மூன்று நேரமும் சமைத்தார்கள். கொண்டுபோகும்போது வாகனப் பெட்டியில் இருந்து விழுந்திருக்கிறது. கன்னானிடம் கொடுத்துத் தட்டி எடுக்கலாம்தான். எடுக்கக்கூடாது என்று பழைய ஆட்கள் நிற்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது, மூடி. நான்கு கிடாரத்துக்கு ஒரே ஒரு மூடி. மற்றதை வாழையிலை போட்டு மேலே தகரத்தால் மூடினோம். பருப்புக்குள் கரி விழுந்து, மேலாக அள்ளி எறிய வேண்டியதாய்ப் போய்விட்டது. இரண்டாவது, திறப்பு. அறைத் திறப்பு செயலாளரிடம் மட்டும்தான். அவரோ வயலில் நிற்பார், போன் வீட்டில் கிடக்கும். முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு வரச் சொன்னவர் ஆறரைக்கு வந்தார், அதுவும் சேற்றுக் காலோடு. கோபம் வந்தது. ஆனால் சம்பளம் வாங்குகிற மனுசன் இல்லை, விதைப்பை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். என்ன சொல்வது?

அன்று இரவு வெங்காயம் உரித்துக்கொண்டு இருக்கும்போது இதைத்தான் தம்பியிடம் புறுபுறுத்தேன். அவன் சிரித்தான். அவன் இருக்கிற ஊரிலும் மண்டபத்துத் திறப்பு ஒரு கிழவியின் வீட்டில்தானாம். அங்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுக் கூட்டம், கதிரை அடுக்க ஆள் இல்லாத சண்டை எல்லாம் உண்டாம். அப்புறம் ஸ்கொட்லாந்தில் எக் என்று ஒரு தீவின் கதை சொன்னான். இங்கிலீசில் முட்டைக்குச் சொல்வது மாதிரியே சொல்லவேண்டுமாம். மலேக் துறையில் கப்பல் ஏறி ஒருநாள் போய் வந்திருக்கிறான். முழுத் தீவும் ஒரு முதலாளியின் காணியாக இருந்ததாம். சனம் காசு சேர்த்து 1997 ஆனியில் தீவையே வாங்கிவிட்டது, 15 லட்சம் பவுண். அதில் பெரும்பங்கு பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்தது. 2008 இல் ஆற்றுத் தண்ணீர், காற்று, வெயில் மூன்றிலும் கரண்ட் எடுத்துத் தாங்களே வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்கு 5 கிலோவாற்றுக்கு மேல் இல்லை. எல்லாச் சாமானையும் ஒன்றாகப் போட்டால் அந்த வீட்டுக்குக் கரண்ட் நின்றுவிடும். 2003 இல் இருந்து, காணி விலைக்கு வந்தால் முதலில் ஊர்ச் சனமே கேட்டு வாங்கவும் சட்டம் இருக்கிறதாம்.

கேட்டுக்கொண்டிருந்த மாமா கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார். "அங்க ஊர்க் காணியைக் காசு குடுத்து வாங்குறாங்கள். இங்க முல்லைத்தீவில பிலவுக்குடியிருப்புச் சனம், விமானப்படை பிடிச்சு வச்சிருந்த சொந்தக் காணிக்குள்ள போக 2017 இல ஒரு மாதம் றோட்டில படுத்ததுகள்." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. வெங்காயம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

எழுத மறந்த ஒன்று. அம்மா செத்த அன்று நான் ஒருவரிடமும் கதிரை கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருந்து அம்மாவைக் கொண்டு வீட்டுக்கு வர, முற்றத்தில் படங்கு கட்டி 80 கதிரை போட்டிருந்தது. கரப்பந்து விளையாடுகிற பொடியள் வாசலில் வாழை கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கணக்கைக் கேட்கப் போனபோது பொருளாளர் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். செத்தவீட்டுப் பக்கத்தில் காசுக்கான நிரலே கோடு போடாமல் விட்டிருக்கிறது. மற்ற வாடகைக் காசு லைற் பில்லுக்கும் முன்பள்ளி ரீச்சரின் சின்னக் கொடுப்பனவுக்கும் போகிறது. அதையும் அந்தக் கொப்பியிலேயே பார்க்கலாம், யார் கேட்டாலும் தருவார்கள்.

எடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. போனில் சொல்லி நம்பி இருக்கவேண்டாம். பின்னேரம் ஐந்து மணிக்குக் கரப்பந்து நடக்கும்போது நேரே போங்கள், நிர்வாகத்தில் யாராவது ஒருவர் நிற்பார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமை ஒன்றும் கிடைக்காது. கிடாரமும் மேசையும் தண்ணீர்ப்பந்தலுக்குப் போய்விடும். அகப்பை உங்கள் வீட்டில் இருந்து கொண்டு போங்கள், அங்கே இருப்பதன் காம்பு ஆடுகிறது.

திருப்பிக் கொடுப்பது ஒரு சோதனைதான். சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு மூன்று பேர் நின்று தேய்த்தோம். பொருளாளர் கிடாரத்துக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எண்ணெய் மிதக்கிறதா என்று வெயிலில் சரித்துப் பார்த்தார். தாச்சி இரண்டாம் தரம்தான் சரி வந்தது. கதிரையில் நாலு குறைந்தது. நான் பழைய நினைப்பில் பேர்ஸை எடுத்தேன். அவர் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "பொறு பிள்ளை, வரும்" என்றார். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் மூன்றும், பெரியப்பாவின் மாட்டுக்கொட்டிலில் ஒன்றும் கிடந்தன.

தம்பி போகமுன் அம்மாவின் பெயரில் 50 கதிரை வாங்கித் தருவதாக நிர்வாகத்திடம் சொன்னான். கதிரை வைக்க இடமில்லை, மூடி மூன்று வாங்கித் தந்தால் போதும் என்றார்கள். மூடியில் பெயின்ற் நிற்காது, அடுப்புச் சூட்டுக்கு உரிந்துவிடும். ஆணியால் குத்தித்தான் எழுதவேண்டும். கிளிநொச்சியில் ஒரு பாத்திரக் கடையில் கேட்டோம், எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னார்கள். அம்மாவின் முழுப் பெயர் பதினொரு எழுத்து. தம்பி தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் சேர்க்கச் சொன்னான்.