பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் படிச்சுட்டுப் போங்க: 91,800 ரூபாய் போச்சு

வண்டி எடுத்து மூணு வாரம்கூட ஆகவில்லை. நேற்று ஒர்க்‌ஷாப் பில் கைக்கு வந்தது. 91,800 ரூபாய். எஞ்சின் வேலை 68,500, டபுள் கிளட்ச் 14,200, ஹைட்ராலிக் 9,100. வண்டிக்குக் கொடுத்த 3,85,000 தனி.

45 எச்.பி., மூணு சிலிண்டர், 2015 மாடல். சவுக்குத் தோப்பில் கட்டை இழுக்க, மண்ணைப் பொடியாக்குகிற ரொட்டாவேட்டர் போட என்று வாங்கியது. பழைய வண்டி விற்கிற ஒரு ஆப்பில் பார்த்து, அவர்களோடு சேர்ந்த யார்டில் எடுத்தது. பெயர் போடப்போவதில்லை, கமெண்டில் கேட்காதீர்கள்.

ஏமாந்த இடம் டிப்ஸ்டிக், எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற கம்பி. நான் கேட்காமலே யார்டுக்காரர் அதை உருவி என் விரலில் தடவினார். "பாருங்கண்ணே, தங்கம் மாதிரி." நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. விரலுக்கும் விரலுக்கும் நடுவே தேன் மாதிரி நூல் இழுத்தது. கூடவே ஆப்பில் வரிசையாகப் பச்சை டிக் போட்ட இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழ். அந்த இடத்திலேயே அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

ஓடுகிற டீசல் எஞ்சினில் ஆயில் தங்கமாக இருக்கவே இருக்காது. புதுசு ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டினாலே கரி ஏறிக் கறுத்துவிடும். பளபளவென்று இருந்தால் விற்பதற்காக நேற்று ஊற்றியது என்று அர்த்தம். நூல் இழுத்தால் அது வழக்கமான 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் இல்லை, கெட்டியான 90 கியர் ஆயிலையோ கெட்டியாக்குகிற சரக்கையோ கலந்திருக்கிறார்கள். கெட்டி ஆயில் தேய்ந்த ரிங்கின் இடுக்கை அடைத்துக்கொள்ளும். நீலப் புகை குறையும், பிரஷர் முள் ஏறி நிற்கும், பேரிங் சத்தம் அமுங்கும். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். லோடு ஏறி ஆயில் சூடானால் சாயம் வெளுத்துவிடும். எனக்கு ரொட்டாவேட்டர் போட்ட இரண்டாம் நாளே, எஞ்சின் உள்காற்றை வெளியே விடுகிற பிரீதர் குழாயில் குபுகுபுவென்று புகை. ஹெட்டைக் கழற்றினால், பிஸ்டன் ஏறி இறங்குகிற மூணு லைனரிலும் மேல் ரிங் வந்து நிற்கிற இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருக்கிறது. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. கிராங்க் கிரைண்டிங் வேறு.

இன்னொன்று. போனபோதே எஞ்சின் சூடாக இருந்தது. "இப்பதான் ஒருத்தர் ஓட்டிப் பாத்துட்டுப் போனாருண்ணே" என்றார். தேய்ந்த எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், புகையைக் கக்கும். அதை மறைக்கத்தான் அந்தச் சூடு.

ஹவர் மீட்டரில் 2,140. கேபிளில் ஓடுகிற மீட்டர், கேபிளைக் கழற்றினால் நின்றுவிடும், மீட்டரையே மாற்றவும் பெரிய வேலை இல்லை. வண்டியின் உடம்பு பொய் சொல்லாது. ரொட்டாவேட்டரைச் சுழற்றுகிற பின்பக்க பி.டி.ஓ. ஷாஃப்டின் ஆறு பல்லும் ஒரு பக்கமாகத் தேய்ந்து கூராகியிருந்தன. கிளட்ச் பெடலில் வரி அழிந்து வழுவழுவென்று இருந்தது. பின்னால் டிரெய்லர் மாட்டுகிற டிராபாரின் ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்தது. 2,140 மணி ஓடின வண்டிக்கு இத்தனையும் ஆகாது. எல்லாம் கண்ணெதிரே இருந்தது, நான் ஆயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்து. யார்டுக்கு முதல் போன்: "ரன்னிங் கண்டிஷன்லதானே கொடுத்தோம்." இரண்டாவது: "நீங்க ரொட்டாவேட்டர் போட்டீங்களா? அப்ப நாங்க பொறுப்பில்லண்ணே." டிராக்டரில் ரொட்டாவேட்டர் போடாமல் கோலமா போடுவார்கள்? மூன்றாவது போனிலிருந்து 'ஓனர் வெளியூர் போயிருக்கார்'. ஆப்பில் புகார் போட்டால் ஒரு டிக்கெட் நம்பர், 48 மணி நேரத்தில் பதில் என்று ஒரு மெசேஜ். ஆறாம் நாள் பதில் வந்தது: சான்றிதழ் வெளிப்பார்வைக்கு மட்டும், எஞ்சின் உள்பாகம் அதில் சேராது. சான்றிதழைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. "டிக்கெட் க்ளோஸ் செய்யப்பட்டது" என்று ஒரு ஸ்மைலி வேறு. 91,800 ரூபாய்க்கு ஒரு ஸ்மைலி.

வாங்குவது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானது மட்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள். பானெட்டைத் திறந்து எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள், சூடாக இருந்தால் திரும்பி வாருங்கள். ஓடிச் சூடானதும் ஸ்லோவில் விட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாய்மேலேயே வையுங்கள். குதித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது தேய்ந்த ரிங் வழியே காற்று கீழே இறங்குகிறது, வேண்டாம். ரொட்டாவேட்டரையோ கலப்பையையோ மாட்டித் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது ஹைட்ராலிக் லிஃப்ட் தலையாட்டிக்கொண்டே இருந்தாலும், நிறுத்திய கொஞ்ச நேரத்தில் கீழே வந்துவிட்டாலும் உள்ளே ஆயில் கசிகிறது. எனக்கு 9,100 ரூபாய் போனது அதில்தான். லோடோடு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள், கியர் தானாகக் கழன்று வந்தால் விட்டுவிடுங்கள். டயரில் அது தயாரான வாரத்தைச் சொல்கிற நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ல் 23-வது வாரம்.

பேப்பர்: சேஸிஸ் நம்பரை வண்டியில் விரலால் தடவிப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடன் இருந்த வண்டி என்றால் கடன் தீர்ந்தது என்கிற பைனான்ஸ் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குகிற ஃபார்ம் 35-ம், பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30-ம் கையெழுத்தோடு வராமல் மீதிப் பணம் தராதீர்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு, அதையும் கேளுங்கள்.

கழற்றின பழைய லைனர், ரிங்கை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராதீர்கள், சாட்சி அதுதான். என்னுடையது சாக்கில் கட்டி வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன்.

இன்று காலை அதே யார்டு இன்னொரு வண்டி போட்டிருக்கிறது. மீட்டர் 1,900. மூன்றாவது போட்டோ டிப்ஸ்டிக், ஆயில் தங்கம் மாதிரி மின்னுகிறது.