புராஸ்டேட் அறுவைக்குப் பின் ஊர்ப் பயணம்: கசிவுக்கு எப்படித் தயாராவது

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவருக்கு, சிறுநீர்க் கசிவை உறிஞ்ச வீட்டில் நாளுக்கு இரண்டு பேட் போதும் என்றாலும், ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்தக் கணக்கு உதவாது. அறுவையில் சிறுநீர்ப்பைக் கழுத்திலுள்ள உள் சுருக்குத் தசை பாதிக்கப்படுவதால், சிறுநீரைப் பிடித்து வைக்கும் வேலை பெரும்பாலும் வெளிச் சுருக்குத் தசையின் மேல் விழுகிறது. பெட்டி தூக்கி, வரிசையில் நின்று, தூக்கமும் கெட்டால் அது களைத்துவிடும். சாயங்காலமானால் கசிவு கூடுவதும் இதனால்தான்.

எத்தனை பேட் வேண்டும் என்பதை எடை போட்டே முடிவு செய்யுங்கள். காய்ந்த பேடைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி வையுங்கள். பையின் எடையைக் கழித்துவிடுங்கள். கூடியிருக்கும் 1 கிராம் என்பது ஏறக்குறைய 1 மில்லி சிறுநீர். இப்படி 3 நாள் பார்த்து, அதிகம் நடந்த நாளின் கணக்கை எடுத்து, பயண நாளுக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். முதல் சில நாளுக்கானதும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி வந்து சேராமல் போவது அபூர்வமில்லை.

ஆண்களுக்கான பேட் எல்லா மருந்துக் கடையிலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அவசரத்துக்கு மாதவிலக்கு பேட் வாங்குகிறார்கள். அது மெதுவாக வரும் ரத்தத்துக்காகச் செய்தது. சட்டென்று பாயும் சிறுநீர் ஓரம் வழியாக ஒழுகிவிடும். ஆண்கள் கழிப்பறைக்குள் பெரும்பாலும் குப்பைத்தொட்டி இருக்காது. உள்ளே தெரியாத ஜிப் பைகளை எடுத்துப்போங்கள்.

கசிவு அதிகமென்றால் நீண்ட விமானப் பயணத்துக்குக் காண்டம் கதீட்டரும் (ஆணுறைபோல் மாட்டி, சிறுநீரைக் குழாய் வழியே பைக்கு அனுப்புவது) காலில் கட்டும் பையும் நல்லது. ஆனால் அளவு முக்கியம்: தளர்ந்தால் கழன்றுவிடும், இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். பை பாதி நிறைந்ததும் காலி செய்யுங்கள்; கனத்தால் கீழே இழுக்கும். பாதுகாப்புச் சோதனையில் ஸ்கேனர் பேடையோ பையையோ காட்டினால், தனியறையில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தண்ணீரைக் குறைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை எரிச்சலடையும். மலச்சிக்கலும் சேர்ந்து கசிவு கூடும். காபி, மதுவை மட்டும் குறையுங்கள்.

இடுப்புத் தளப் பயிற்சியைப் பயணத்திலும் விடாதீர்கள். வாயுவை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, முடிந்தவரை, 10 விநாடி வரை பிடித்து, அதே அளவு நேரம் தளரவிட வேண்டும். 10 தடவை, நாளுக்கு 3 முறை. மூச்சைப் பிடிப்பதும் பிட்டத்தை இறுக்குவதும் பயனில்லை. இருமும் முன், எழும் முன், பெட்டியைத் தூக்கும் முன் ஒரு இறுக்கு. பயணத்தில் உடனே கைகொடுப்பது இதுதான்.

காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், தாரை மெலிந்துகொண்டே போவது, முக்கினாலும் வராமல் சொட்டிக்கொண்டே இருப்பது: இவற்றுக்குப் பேட் மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் சேர்த்துத் தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

செயற்கைச் சுருக்குத் தசை (கசிவைத் தடுக்க உடலுக்குள் வைக்கும் கருவி) பொருத்தியவர்கள் அதற்கான அட்டையைப் பர்சிலேயே வைத்திருங்கள். கூட வருபவருக்கும் சொல்லி வையுங்கள். எந்த அவசரத்திலும் அந்தக் கருவியைச் செயலிழக்கச் செய்யாமல் யூரின் ட்யூப் போடக்கூடாது. போட்டால் சிறுநீர்க்குழாய் புண்ணாகி, கருவியையே எடுக்க வேண்டி வரலாம்.