கிணற்றிலிருந்து எத்தனை அடி?

நான் யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில் போய் இறங்கிய அன்று புதுக் கக்கூசுக்கான மலக்கிடங்கு அரைவாசி வெட்டியாகிவிட்டது. பயணக் களைப்போடு வளவைச் சுற்றி நடந்தபோதுதான் கண்டேன். கிணற்றடியிலிருந்து காலடி வைத்து எண்ணிப் பார்த்தேன். பிறகு நம்பாமல் டேப்பைப் பிடித்து அளந்தேன். 28 அடி.

இந்த முறை கனடாவில், ஸ்காபரோவிலிருந்து ஆறு கிழமை லீவோடு போனதே வீட்டு வேலைக்காகத்தான். அம்மாவுக்கு 81 வயது. எங்கள் வீட்டில் குளிக்கிற இடமும் கக்கூசும் கிணற்றடிக்கு அங்கால். போன மாரியில் ஒரு இரவு அந்த வழியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு, இப்போது வோக்கரோடுதான் நடமாட்டம். ஆகவே அம்மாவுக்கு ஒரு அறை, அதோடு சேர்ந்த குளியலறை, நின்று சமைக்கக்கூடிய ஒரு குசினி. இவ்வளவும்தான் திட்டம்.

வீடு அம்மப்பா கட்டினது. மலாயாவில் ரெயில்வேயில் வேலைசெய்து, பென்சனோடு வந்து 1936 இல் எழுப்பிய நாற்சார் வீடு, நடுவில் முற்றமும் நாலு பக்கமும் கட்டிடமுமாக. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வந்ததே 1950 இல்தான். எங்கள் சுவரெல்லாம் சுண்ணாம்புக் கல், சுண்ணாம்புச் சாந்து, ஒன்றரை அடித் தடிப்பு. கூரைக்குப் பனங்கைமரமும் பனஞ்சிலாகையும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தபோது ஓட்டில் பாதி இல்லை, கதவுகள் ஒன்றுமில்லை. சுவர் மட்டும் அசையாமல் நின்றது.

காணி உறுதி அம்மாவின் பெயரில், சீதனமாக எழுதினது. அதனால் பிரதேச சபையில் பிளான் அனுமதி எடுப்பது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. மச்சான் ஜனவரியிலேயே கொடுத்து எடுத்துவிட்டான். பக்கத்து வளவுக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பங்குகள் நாலு சகோதரங்களுக்குப் பிரிந்து, மூன்று நாடுகளிலிருந்து அற்றோணித் தத்துவம், அதாவது இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கிற பத்திரம், வரவேணும். இரண்டு வருடமாக வீடு கூரையில்லாமல் கிடக்கிறது. வெளியில் இருக்கிற நாங்கள் காசு அனுப்புவதற்கு முன்னம் உறுதியைத்தான் பார்க்கவேணும்.

சரி, கிடங்குக்கு வருகிறேன். பிளானில் அது வளவின் முன்பக்க மூலையில் இருந்தது. கொந்திராத்துக்காரர் குழாய் நீளம் குறையும் என்று பின்னுக்கு மாற்றியிருக்கிறார். கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "அக்கா, நாலு அடியில பாறை வந்திட்டுது. நல்ல வெடிப்புப் பாறை. அப்பிடியே இழுக்கும். உங்கட காலத்துக்கும் நிரம்பாது."

நிரம்பாது என்றால் அது எங்கே போகிறது? யாழ்ப்பாணத்தில் மேல்மண் சொற்பம். அதன் கீழே சுண்ணக்கல். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மழைத் தண்ணீர் அந்த வெடிப்பால் இறங்கித்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன. கிடங்குக்குள் விடுவதும் அதே வெடிப்பால்தான் இறங்கும். மண்ணிருந்தால் கொஞ்சமாவது வடிகட்டும், கல் வடிகட்டாது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. கிணற்றைக் கெடுத்தால் மாற்றுக்கு எங்கே போவது? தாழையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறந்தார்கள். சில வீதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் வேலையை நிற்பாட்டினேன். கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். நைத்திரேற்று லீற்றருக்கு 38 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50. தோட்டங்களுக்குப் போடுகிற உரமும் கழிவுக் கிடங்குகளும் சேர்ந்து ஏற்கெனவே இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் இது முதலில் ஆபத்து, பிள்ளை நீலம் பாரிக்கும். பக்கத்து வீட்டில் ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. அவர்களுடைய கிணறும் அந்தக் கிடங்கிலிருந்து 35 அடிதான். பிஎச்ஐ, எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்த்தார். "50 அடி எண்டு சொல்லுறம். ஆனா இந்தப் பாறைக்கு 50 அடியும் காணாது. அடி பூசின தாங்கி கட்டுங்கோ, நிரம்பினாப் பவுசரைக் கூப்பிடுங்கோ" என்றார். நேரம் எடுத்து, வெயிலில் நின்று விளங்கப்படுத்திய மனிதர்.

தாங்கி முன்பக்கத்தில், கழிவை உறிஞ்ச வருகிற பவுசர் லொறியின் குழாய் எட்டுகிற இடத்தில் வரவேணும். அதற்கு வீட்டில் பெரிய சண்டை. "படலையடியில மலக்கிடங்கோ? ஆர் பிள்ளை உப்பிடிக் கட்டினவை?" என்று மாமா இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அம்மாதான் முடித்து வைத்தா. "கிணத்தடியில இருக்கிறதை விடப் படலையடியில இருக்கட்டும்." குளிக்கிற தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் வேறாகப் பிரித்து வாழைப்பாத்திக்கு விட்டோம். அந்தக் காலத்தில் கிணற்றடித் தண்ணீர் போன வழிதான் அது.

சுவர் வேலைக்குச் சங்கானைப் பக்கமிருந்து ஒரு வயதான மேசனைப் பிடித்தோம். அவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய சுவரில் போன தடவை யாரோ பூசிவிட்ட சீமெந்தை விரல் மொளியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் டொக்கென்று வெறும் சத்தம். சாந்தகப்பை நுனியை விட்டு நெம்ப, ஒரு பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே சுண்ணாம்பு மாவாக உதிர்ந்து, கைவைத்தால் குளிர்ந்தது. "பாத்தியே பிள்ளை? கல்லு ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்பெண்டா வெளியில விட்டிடும். சீமெந்து விடாது. உள்ளுக்க நிண்டு தின்னுது." நீற்றின சுண்ணாம்பைக் கிடங்கில் ஊறவைத்து, மூன்று கிழமை கழித்துத்தான் பூச விட்டார். எனக்குப் பொறுமை இல்லை, அவருக்கு இருந்தது. புது அறையின் கொங்கிறீற்றைப் பழைய சுவரோடு பிணைக்கவும் அவர் விடவில்லை. ஒரு அங்குல இடைவெளி விட்டு, மேலே தகரத்தால் மூடினார். இரண்டும் ஒரே மாதிரி அசையாது, பிணைத்தால் பழையதுதான் வெடிக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கொந்திராத்துக்காரர் நடுமுற்றத்தைத் தகடு போட்டு மூடி ஹோல் ஆக்கச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அந்த முற்றத்தால்தான் வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும். நாலு பக்கக் கூரைப் பீலியையும் ஒரு குழாய்க்குத் திருப்பி, கல்லும் மணலும் போட்ட குழிக்குள் மழைத் தண்ணீரை இறக்கினோம். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்கள் கிணற்றுக்கு முதலீடு.

வாசற்படிகளில் இரண்டு உடைத்துச் சாய்வாக்கினோம், வோக்கர் போக. குளியலறைக் கதவு மூன்று அடி, வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே விழுந்தால் கதவை மறித்துக்கொண்டு விழக்கூடாதே. இந்த இரண்டும் யாரும் சொல்லித் தரவில்லை, அம்மா விழுந்ததால் தெரிந்தது. செலவு மதிப்பீட்டைவிடக் கால்வாசி கூட வந்தது. தாங்கியும் சுண்ணாம்பும்தான் அந்தக் கால்வாசி.

மேற்குப் பக்கக் கூரை அடுத்த வருடத்துக்கு நிற்கிறது. பனைமரம் தறிக்க அனுமதி எடுக்கவேணும். நான் திரும்பி வந்து இரண்டு கிழமையில் முதல் மழை. அம்மா மச்சானைக் கொண்டு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தா. ஒன்றரை நிமிடம் முழுக்கப் பீலித் தண்ணீர் குழிக்குள் விழுகிற சத்தம்தான். கடைசியில் கமெராவுக்கு வெளியிலிருந்து அவவின் குரல்: "கிணத்தையும் ஒருக்கா எடு தம்பி, அவள் பாக்கட்டும்."